முகூர்த்தமும் வெளிச்சமும்: தமிழ்நாட்டுக் கல்யாணப் போட்டோவின் வரலாறு

தமிழ்நாட்டில் கல்யாணத்துக்கு நேரம் குறிப்பது பஞ்சாங்கம். ராகு காலம், எமகண்டம் தள்ளி, லக்னம் பார்த்து எடுக்கப்படும் முகூர்த்தங்களில் பல, விடியலை ஒட்டியே வரும். காலை 4.30 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் தாலி கட்டும் கல்யாணங்கள் இன்றும் ஏராளம். போட்டோவுக்கு வேண்டியதோ நல்ல வெளிச்சம். அது கிடைக்கும் நேரத்தில் சடங்கு முடிந்துவிட்டிருக்கும். சடங்கு நடக்கும் நேரத்தில் வெளிச்சம் வந்திருக்காது. சுமார் 150 ஆண்டுகளாக இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து வந்ததன் விளைவாகவே கல்யாண நாள் இன்றைய வடிவத்தை எடுத்தது. கல்யாண நாளைப் போட்டோவை மனத்தில் வைத்துத் திட்டமிடுவது இந்தத் தலைமுறையின் புதுப் பழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய படங்களைக் கூர்ந்து பார்த்தால், கேமரா கல்யாண வீட்டு வாசலுக்கு வந்த முதல் நாளே அந்தத் திட்டமிடல் தொடங்கிவிட்டது தெரியும்.

புகைப்படக் கலை 1839இல் பாரிஸில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இந்தியத் துறைமுக நகரங்களை எட்டியது. சென்னையில் 1850இல் கலைப் பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர், 1856இல் சென்னைப் புகைப்படச் சங்கம் உருவாகவும் முன்னின்றார். அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டைப் பகுதிகளைப் படமாக்கினார். அவர் பெரும்பாலும் கோயில்களையும் அரண்மனைகளையும் எடுத்ததற்கு அரசின் விருப்பம் ஒரு காரணம் என்றால், கல் அசையாது என்பது இன்னொரு காரணம். ஒரு படத்துக்கு வேண்டிய நேரம் முழுவதும் அசையாமல் இருக்க கோபுரத்தால் முடியும். கல்யாணக் கூட்டத்தால் முடியாது.

1851இல் வந்த ஈரக் கொலோடியன் முறை நேரத்தைக் குறைத்தது. ஆனால் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். இருட்டுக் கூடாரமும் ரசாயனப் புட்டிகளும் போட்டோகிராபரோடு கூடவே பயணம் செய்தாக வேண்டும். ஜமீன் வீடுகளுக்கு அது சாத்தியம். மற்றவர்களுக்கு எட்டாத காரியம். 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் கண்டறிந்த உலர் தகடு, அடுத்த பத்தாண்டுக்குள் கடைச் சரக்காகிவிட்டது. தகட்டை முன்கூட்டியே வாங்கிவைத்து, படம் எடுத்து, ஊர் திரும்பிய பிறகு சாவகாசமாகக் கழுவலாம். ஸ்டூடியோ என்ற தொழில் சென்னையிலிருந்து மதுரை, கும்பகோணம், திருச்சி போன்ற ஊர்களுக்குப் பரவ இந்த உலர் தகடே வழிவிட்டது.

அப்போதும் கல்யாணம் கேமராவைத் தேடிப் போனதே தவிர, கேமரா கல்யாணத்துக்கு வரவில்லை. கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து, மறுவீட்டுப் போக்குவரத்தின் இடையே, மணமக்கள் ஸ்டூடியோவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். கண்ணாடிக் கூரை வழியாக வரும் பகல் வெளிச்சம், தூணும் மாடிப்படியும் தீட்டிய திரைச்சீலை, பூச்சாடி வைத்த முக்காலி, செதுக்கு வேலைப்பாடுள்ள நாற்காலி. நாற்காலியில் கணவன் உட்கார, மனைவி அதன் முதுகில் கைவைத்து நிற்பாள். அந்தக் கை எதையாவது பிடித்திருந்தால்தான் உடல் ஆடாமல் இருக்கும் என்பது தொழில் ரகசியம். படம் எடுத்தால் ஆயுசு குறையும், மூன்று பேர் மட்டும் சேர்ந்து நின்றால் ஆகாது என்ற நம்பிக்கைகளும் அந்தக் காலத்தில் வலுவாக இருந்தன. புதுப்பெண்ணைப் பிற ஆண் பார்த்துப் படம் பிடிப்பதா என்ற தயக்கமும் சேர்ந்துகொண்டது. அதையெல்லாம் மீறி ஒரு குடும்பம் ஸ்டூடியோவுக்குப் போனது என்றால், அந்தப் படம் அவர்களுக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். செட்டிநாட்டு வீடுகளில் வாசற்கால்களுக்கு மேலே, ரவிவர்மா அச்சுப் படங்களுக்குப் பக்கத்தில், தேக்குச் சட்டத்துக்குள் அவை இடம்பிடித்தன.

கல்யாண வீட்டுக்கே போட்டோகிராபரை வரவழைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் வசதியுள்ள குடும்பங்களில் வேரூன்றியது. அவர் வந்தது ஒரே ஒரு படத்துக்காக. அதுதான் குரூப் போட்டோ.

அந்த ஒரு படத்துக்கு அரை நாள் பிடித்தது. முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, வெயில் சாயும் நேரத்தில் வீட்டு வாசலிலோ தோப்பிலோ பெஞ்சுகள் போடப்படும். உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழிகள் கருத்துவிடும் என்பதால் போட்டோகிராபர் பொழுது சாயக் காத்திருப்பார். நடு வரிசை நாற்காலிகளில் மணமக்களும் அவர்களை ஒட்டிப் பெரியவர்களும். பின்னால் பெஞ்சின் மேல் இளவட்டங்கள். முன்னால் ஜமக்காளத்தில் சம்மணமிட்ட குழந்தைகள். யார் நாற்காலியில் உட்காருவது, யார் பின்வரிசைக்குப் போவது என்பது உறவு முறையின் தேர்வு. தாய்மாமனுக்கு நாற்காலி கிடைக்காவிட்டால் அந்தக் கோபம் படத்தைவிட நீண்ட நாள் நிலைக்கும். ஆகவே இடம் ஒதுக்கும் பொறுப்பை போட்டோகிராபர் எடுத்துக்கொள்ள மாட்டார். வீட்டுப் பெரியவர் ஒருவரே கை காட்டி உட்கார வைப்பார். பிறகு முக்காலித் தண்டின் மேல் நிற்கும் பெட்டி கேமரா, கருப்புத் துணிக்குள் நுழையும் தலை, ஆடக்கூடாது என்ற எச்சரிக்கை, கழற்றி மாட்டப்படும் லென்ஸ் மூடி. ஏதாவது ஒரு குழந்தை அசைந்து அதன் முகம் மட்டும் புகையாகக் கலைந்திருக்கும். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். சில நொடிகளுக்குச் சிரிப்பை நிறுத்திவைப்பது கடினம் என்பதோடு, பெரியவர்கள் முன் புதுப்பெண் பல் தெரியச் சிரிப்பது மரியாதையும் இல்லை.

அந்தக் காலக் கண்ணாடித் தகடுகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. சாதாரணத் தகடு நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தது. அடுத்து வந்த ஆர்த்தோகுரோமேட்டிக் தகடு பச்சையையும் ஓரளவு மஞ்சளையும் உணர்ந்தாலும் சிவப்பு அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. தமிழ்க் கல்யாணப் பெண்ணின் அலங்காரம் முழுவதும் அந்தத் தகடுகளுக்குப் பிடிக்காத நிறங்களால் ஆனது. அரக்குக் கூரைப்புடவை கருப்பாக விழுந்தது. நெற்றிக் குங்குமம் கரும்பொட்டானது. மஞ்சள் பூசிக் குளித்த முகம், சாதாரணத் தகட்டில் உண்மையைவிட இருண்டு தெரிந்தது. தங்க நகை மங்கிப்போனது. பழைய கல்யாணப் படங்களில் பெண் எப்போதும் ஏதோ துயரத்தில் இருப்பதுபோலத் தோன்றுவதற்கு அவள் மனநிலை மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. தகட்டின் வேதியியலுக்கும் அதில் பங்கு உண்டு. இதைச் சரிக்கட்ட ஸ்டூடியோக்களில் ‘டச்சிங்’ செய்பவர் இருந்தார். நெகட்டிவின் மேல் கூர் சீவிய பென்சிலால் முகத்தை வெளிறச் செய்வார். அச்சிட்ட படத்தின் மேல் வண்ணம் தீட்டி, நகைகளுக்குப் பொன் நிறம் கொடுப்பதும் உண்டு. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் பிலிம் 1930களில் பரவலான பிறகுதான் குங்குமமும் புடவையும் தமக்குரிய சாயலைப் பெற்றன.

குரூப் போட்டோ ஆவணமாகிவிட்டது; தாலி கட்டும் கணம் இன்னும் இருட்டில் இருந்தது. 1887இல் ஜெர்மனியில் உருவான மக்னீசியப் பொடி வெளிச்சம் அதற்கு ஒரு வழி. தட்டில் கொட்டிய பொடியைப் பற்றவைத்தால் கண்ணைப் பறிக்கும் ஒளியும் வெண்புகையும் எழும். கீற்றுப் பந்தலுக்குக் கீழே அதைக் கொளுத்துவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. 1929இல் வந்த பிளாஷ் பல்பு தீயைக் கண்ணாடிக் குமிழுக்குள் அடைத்தது. ஆனால் ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான். எரிந்ததும் தூக்கி எறிய வேண்டும். எந்தக் கணத்துக்காக அதைச் சேமிப்பது என்ற கேள்வி அப்போது எழுந்தது, பதிலும் உடனே கிடைத்தது. சடங்குகளில் எது தலையாயது என்பதைப் புரோகிதரின் மந்திரத்தைவிட வெளிப்படையாக அந்தப் பல்பு அறிவித்தது.

அப்போதும் கூட்டம் மறைத்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் நாத்தனார் விளக்கேந்திப் பின்னால் நிற்க, உறவினர் சுற்றிவளைக்க, அட்சதை பறக்க, கெட்டிமேளம் முழங்க, இரண்டு மூன்று நொடியில் முடிச்சு விழுந்துவிடும். தவறவிட்ட போட்டோகிராபர், மாப்பிள்ளையை மறுபடியும் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்தருகே இருக்க, பார்வை மட்டும் கேமராவை நோக்கியிருக்கும் அந்த நிலை, எண்ணற்ற ஆல்பங்களில் இடம்பெற்றுள்ளது. கேமராவுக்காகச் சடங்கு ஒரு கணம் நிறுத்திவைக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

பஞ்சாங்கத்தைவிட்டு விலகிய கல்யாணங்களில் இந்த நெருக்கடி இல்லை. 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் தொடங்கியதாகக் குறிப்பிடப்படும் சுயமரியாதைத் திருமணங்கள், ராகு காலம் பாராமல், வசதியான நேரத்தில், மேடையில், கூட்டத்தை நோக்கி நடந்தன. ஓமப் புகை இல்லை. தலைவர் ஒருவர் நடுவில் நிற்க, மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஒளியும் இடமும் கேமராவுக்கு ஏற்றவாறு தாமாகவே அமைந்தன. ஆனால் இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1967இல் அண்ணாதுரை அரசு கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகே, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றுவதோ மோதிரம் அணிவிப்பதோ தாலி கட்டுவதோ போதும் என்றானது. அக்னியையும் சப்தபதியையும் சாட்சியாகக் கொள்ளாத திருமணத்துக்கு, கூடியிருந்தவர்களின் முகங்களே சாட்சி. அந்த முகங்களைப் பிடித்துவைத்த படத்துக்கு, மற்றக் கல்யாணப் படங்களுக்கு இல்லாத கனம் இருந்தது.

1929இல் ஜெர்மனியில் வெளிவந்த ரோலிபிளக்ஸ் கேமராவும், பின்னாளில் ஜப்பானிலிருந்து வந்த யாஷிகாவும் கல்யாணப் போட்டோகிராபரின் உடலையே மாற்றின. இரண்டு கண் கொண்ட அந்தக் கேமராவைக் கழுத்தில் மாட்டி, வயிற்றருகே பிடித்து, குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் உருவம் இடவலம் மாறித் தெரியும். முக்காலி தேவையில்லை, மணவறையைச் சுற்றி வரலாம். ஒரு ரோலில் 12 சதுரப் படங்கள். எலக்ட்ரானிக் பிளாஷ் வந்த பிறகு பல்புச் செலவும் இல்லை.

தட்டுப்பாடு பிலிமில்தான். 1950களின் இறுதியில் நாட்டின் அன்னியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுக்கப்பட்டது. ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அதைத் தீர்க்க ஊட்டியில் 1960இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு, 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. நீலகிரிக் குளிரில் உருவான ‘இந்து’ கருப்பு வெள்ளை ரோலில்தான் ஒரு தலைமுறைத் தமிழர்களின் கல்யாணங்கள் பதிவாகியிருக்கின்றன.

நடுத்தரக் குடும்பம் இரண்டு ரோலுக்கு ஒப்புக்கொண்டால், 24 படங்களுக்குள் கல்யாணம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கிலிருந்து ஒரு பட்டியல் பிறந்தது. மாப்பிள்ளை அழைப்பில் ஒன்று, மாலை மாற்றலில் ஒன்று, ஊஞ்சலில் ஒன்று, தாரை வார்த்தல், தாலி, அம்மி மிதித்தல், பெரியவர் காலில் விழுதல், மணமக்கள் ஒருவருக்கொருவர் ஊட்டிவிடுதல், இரு வீட்டார் குரூப், நண்பர் குரூப். போட்டோகிராபர் எல்லா வீட்டுக்கும் ஏறக்குறைய அதே பட்டியலோடு போனார். சமூகத்துக்குச் சமூகம், ஊருக்கு ஊர் வேறுபட்ட சடங்குகளில் எவை பட்டியலுக்குள் வந்தனவோ அவை நினைவில் நின்றன. மூன்று நாள், நான்கு நாள் நடந்த கல்யாணங்கள் ஒன்றரை நாளாகச் சுருங்கியதும் இந்தக் காலத்தில்தான். அந்தச் சுருக்கத்துக்குச் செலவும் விடுமுறையும் முதற்காரணங்கள். நலங்குப் பாட்டு, பெண்கள் கூடிச் செய்யும் சிறு சடங்குகள் முதலியவற்றுக்குப் பட்டியலில் இடமில்லாமல் போனது ஓர் இழப்பு. ஆல்பத்தில் இல்லாததைச் செய்யவேண்டுமா என்று அடுத்த தலைமுறை கேட்பது இயல்புதானே. தேவாலயப் படிக்கட்டுக் குரூப்பை நடுவில் வைத்த கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கும் தனிப் பட்டியல் இருந்தது.

அதே பத்தாண்டுகளில் கல்யாணம் வீட்டுப் பந்தலைவிட்டு மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தது. சென்னையில் அபட்ஸ்பரி போன்ற பழைய பங்களாக்கள் கல்யாணக்கூடங்களாயின. பிறகு அதற்கென்றே கட்டிய மண்டபங்கள் ஊருக்கு ஊர் எழுந்தன. பந்தலில் மணமக்கள் கிழக்கு நோக்கி மனையில் உட்கார்ந்திருந்தார்கள். கீழ்ப்புறம் திறந்திருந்தால் இளங்காலை ஒளி நேராக முகத்தில் விழுந்தது. மரபு, தன்னை அறியாமலே, கேமராவுக்குத் தந்த கொடை அது. மண்டபத்தில் நாடக மேடைபோல ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடை. வெளிச்சம் முழுக்க விளக்கிலிருந்து வர வேண்டும். சுற்றிலும் இருந்த உறவுக்கூட்டம் எதிரில் வரிசை நாற்காலிக்கு மாறியது.

1980களில் கலர் பிலிமும் கலர் லேபும் நகரங்களில் பரவின. உடனே மேடை நிறம் மாறியது. பளபளக்கும் மடிப்புத் துணி, சீரியல் பல்பு, சிம்மாசன நாற்காலிகள். பின்சுவரில் தெர்மாகோலில் வெட்டிய எழுத்துகளில் மணமக்கள் பெயரும் தேதியும். இந்தக் கடைசி அலங்காரம் உண்மையில் புத்திசாலித்தனமானது. படத்துக்குள்ளேயே படத்தின் குறிப்பு எழுதப்பட்டுவிட்டது. பழைய குரூப் போட்டோக்களில் யார், எப்போது என்று தெரியாமல் தவிப்பவர்கள் தெர்மாகோல் எழுத்தை இளக்காரம் செய்ய மாட்டார்கள்.

1982 ஆசிய விளையாட்டை ஒட்டிக் கலர் டிவி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கல்யாணத்துக்கு வீடியோ வந்தது. தோளில் கேமரா, அதிலிருந்து நீளும் ஒயர், ஒயரின் முனையில் சூடேறிய ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு லைட் பையன். முகூர்த்த நேர இருட்டுப் பிரச்சினையை அந்த விளக்கு ஒருவழியாகத் தீர்த்தது. ஓமப் புகையோடு விளக்கின் அனலும் சேர, மணப்பெண்ணின் மேக்கப் வியர்வையில் கரைந்தது. வியர்வைக்குத் தாங்கும் மேக்கப் தேவைப்பட்டது. வந்தவர்கள் சடங்கைப் பார்ப்பதற்குப் பதிலாக வீடியோக்காரரின் முதுகைப் பார்த்தார்கள். கல்யாண வீடுகளில் நெடுங்காலம் கேட்ட குறை அது, நியாயமான குறையும்கூட.

முகூர்த்தத்துக்கு முந்தின மாலை வரவேற்பு நடத்தும் வழக்கம் இந்தச் சூழலில் வலுப்பெற்றது. மண்டபம் ஒன்றரை நாளைக்குத்தான் கிடைக்கும், வேலைக்குப் போகும் விருந்தினருக்கு மாலைதான் வசதி என்பன வெளிப்படைக் காரணங்கள். ஆனால் முகூர்த்த நேரக் கெடுபிடி இல்லாமல், விளக்குகளை நிதானமாக அமைத்து, ஒவ்வொரு குடும்பத்தையும் மணமக்களோடு நிறுத்திப் படம் எடுக்க இடம் கொடுத்ததும் அந்த மாலைதான். மொய்க் கவரோடு வரிசையில் நின்று, மேடையேறி, படம் எடுத்துக்கொண்டு, இறங்கிச் சாப்பிடப் போவது விருந்தினரின் கடமையானது. மொய் நோட்டில் பெயர் இருந்தால் போதாது. ஆல்பத்தில் முகமும் இருக்க வேண்டும்.

இலங்கையிலிருந்து 1983க்குப் பின் சிதறிய தமிழ்க் குடும்பங்களில் ஆல்பத்தின் பொறுப்பு இன்னும் கூடியது. மாப்பிள்ளை கனடாவில், பெண் யாழ்ப்பாணத்தில், கல்யாணம் மூன்றாவது ஊரில் என்று நடந்தபோது, வர முடியாத உறவினருக்கு வீடியோ கேசட்டே கல்யாணம். துணையை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும்போது, உறவு உண்மையானது என்று காட்டக் கல்யாணப் படங்களும் வைக்கப்பட்டன. முன்பின் தெரியாத ஓர் அதிகாரி புரட்டிப் பார்ப்பார் என்பதால் எந்தச் சடங்கும் எந்த உறவும் விடுபடாமல் எடுக்க வேண்டியிருந்தது.

2000க்குப் பிறகு டிஜிட்டல் கேமரா பரவியபோது 24 படக் கணக்கு செத்தது. ஒரே கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம் என்றதும், பட்டியலுக்கு வெளியே இருந்தவை உள்ளே வந்தன: பெண்ணைப் பெற்றவரின் கண்ணீர், சமையற்கட்டு, தூங்கும் குழந்தை. குறைந்த வெளிச்சத்திலும் தெளிவாக எடுக்கும் கேமராக்கள் 2000களின் பிற்பகுதியில் வந்தன. பிளாஷ் இல்லாமலே விளக்கொளியில் தாலி கட்டுவதைப் பிடிக்க முடிந்தது. சென்னையில் ‘கேண்டிட்’ என்ற பெயரில் தனித் தொழில் கிளைத்தது. பழைய பட்டியல்காரருக்கு ‘டிரெடிஷனல்’ என்று பெயராயிற்று. இன்று ஒரே மேடையில் இரு அணிகளும் நிற்கின்றன. ஒன்று ‘இங்கே பாருங்க’ என்கிறது; மற்றொன்று பார்க்காத நேரத்துக்காகக் காத்திருக்கிறது.

நாளின் அட்டவணையும் இதனால் நீண்டது. 6 மணி முகூர்த்தம் என்றால் நள்ளிரவு தாண்டியதும் மேக்கப் தொடங்கி, 4 மணிக்கெல்லாம் பெண்ணைத் தனியே நிறுத்திப் படம் எடுத்துவிட வேண்டும். மாலை மாற்றிய பின் அதற்கு நேரம் கிடைக்காது. வெளிச்சத்தைத் தேடிக் கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியாது என்பதால், படம் தனி நாளுக்குப் போனது: மகாபலிபுரக் கடற்கரையிலோ மலைச்சரிவிலோ நடக்கும் ‘அவுட்டோர் ஷூட்’. கல்யாணத்துக்கு முன்பே நடக்கும் இந்தப் பயணத்தைப் பெரியவர்கள் தயக்கத்தோடு ஏற்றார்கள். கல்யாணத்துக்குப் பின் ஸ்டூடியோவுக்குப் போன பாட்டியும், கல்யாணத்துக்கு முன் கடற்கரைக்குப் போகும் பேத்தியும் தேடிப் போனது நல்ல பகல் வெளிச்சத்தைத்தான். ‘ஹெலிகேம்’ என்று கல்யாண வீட்டார் அழைக்கும் டிரோன் 2010களில் வந்தது. அதைப் பறக்கவிடுவதற்கான விதிகள் 2021இல் எளிதாக்கப்பட்டன. 2020இல் கொரோனா ஊரடங்கு கல்யாணக் கூட்டத்தை 50 பேராகக் கட்டுப்படுத்தியபோது, மற்றவர்கள் நேரலையில் அட்சதை தூவினார்கள்.

எடுத்த படங்களில் எவை நின்றன என்பது தனிக் கதை. கருப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளி உலோகத்தால் ஆனது. கலர் படத்தின் உருவம் சாயத்தால் ஆனது. அதனால் 1930களின் குரூப் போட்டோ இன்றும் தெளிவாக இருக்க, 1980களின் ஆல்பம் நீலம் உதிர்ந்து செம்மை பாய்ந்து கிடக்கிறது. வீடியோ கேசட்டுகளில் பூஞ்சை பிடித்தது. அவற்றை ஓட்டும் கருவியை உலகில் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திக்கொண்டது. ஸ்டூடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகட்டிவ்கள் சுரண்டிக் கழுவப்பட்டு வெறுங்கண்ணாடியாயின. பிலிம் நெகட்டிவ்கள் வெள்ளிக்காக எடைக்குப் போயின. எஞ்சியவற்றில் ஒரு பகுதியை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின்கீழ், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் தேடி டிஜிட்டலாக்கியுள்ளது. வீட்டுச் சுவர்களில் இருப்பவற்றுக்கு அத்தகைய காவல் இல்லை. சட்டத்தைக் கழற்றி, பின்பக்கத்து அட்டையில் பென்சிலால் வரிசை வாரியாகப் பெயர் எழுதிவைத்த வீடுகளில் மட்டும், ஜமக்காளத்தில் சம்மணமிட்டு, அசைந்ததால் முகம் கலைந்துபோன அந்தக் குழந்தை யார் என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது.